வீட்டுக்கு வைத்த பணத்தை முதலில் வழக்குக்குக் கொடுங்கள்

வாசகர் கேள்வி:

ஐயா, எனக்கு வயது 46. திருநெல்வேலி நயினார்குளம் மார்க்கெட்டில் வாழைத்தார் கமிஷன் கடை வைத்திருந்தேன். தார் வெட்டுக்கு முன்பே குமரி மாவட்ட விவசாயிகளுக்கு முன்பணம் கொடுத்து வைப்பேன். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயலில் தோப்புகள் சாய்ந்தன. கொடுத்த பணம் திரும்பவில்லை. வங்கியில் வாங்கிய 6 லட்சம் தொழில் கடனை 2018-ல் மாமனார் உதவியோடு மூன்றரை லட்சத்துக்கு செட்டில்மென்ட் செய்தேன். புரோநோட்டுக்கு வாங்கிய கடன் மட்டும் பதினோரு பேருக்கு 13 லட்சம் நின்றது. வேறு வழியில்லாமல் 2019-ல் பாளையங்கோட்டையில் ஐ.பி. மனு, அதாவது திவால் மனு, போட்டேன். என்னைத் திவாலானவர் என்று அறிவித்து உத்தரவு வந்தது. அதன் பிறகு கோர்ட் பக்கம் போகவில்லை. ஆனித் தேரோட்டத்துக்குக்கூட டவுனுக்குப் போவதை விட்டுவிட்டேன்.

இப்போது ஒரு தனியார் நிறுவனத்தில் மாதம் 31,000 ரூபாய் சம்பளம். மனைவி அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை. கைக்கு 46,000 வருகிறது. கே.டி.சி. நகர் பக்கம் 32 லட்சத்துக்கு ஒரு வீடு பார்த்து, ஒரு லட்சம் முன்பணமும் கொடுத்துவிட்டோம். தை மாதம் பத்திரம் முடிக்க வேண்டும். என் தம்பி பெயரில் வங்கியில் 7 லட்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். மனைவியின் நகை 3 லட்சம் தேறும். பாக்கிக்கு 22 லட்சம் கடன் வேண்டும். ஒரு ஏஜென்ட் 14 சதவீத வட்டிக்கு வாங்கித் தருவதாகவும், ஐ.பி. விஷயத்தை விண்ணப்பத்தில் எழுத வேண்டாம் என்றும் சொல்கிறார். கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் மதிப்பெண்ணைச் சரிசெய்ய 25,000 ரூபாய் தனியாகக் கேட்கிறார். மஞ்சள் கடுதாசி கொடுத்தவனுக்கு வீட்டுக்கடன் கிடைக்குமா, ஐயா?

ஆலோசனை:

கிடைக்கும். ஆனால் இந்த வீட்டுக்கு, இந்தத் தை மாதத்துக்குள் உங்கள் பெயரில் வாங்க முடியாது. ஏஜென்ட் எப்படியாவது வாங்கிக் கொடுத்தாலும் நீங்கள் கையெழுத்துப் போடக் கூடாது. வங்கியின் கடன் பிரிவில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் கடிதத்தில் சிபிலைப் பற்றிய கவலை நிறைய இருக்கிறது, நீதிமன்றத்தைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. என் கவலை முழுவதும் அந்த ஒரு வரியில்தான்.

திவால் உத்தரவு வந்ததோடு ஐ.பி. வழக்கு முடிந்துவிட்டது என்று நம்முடைய சீமையில் பலரும் நினைக்கிறார்கள். அது பாதி வழி மட்டுமே. உங்கள் வழக்கு 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டத்தின் கீழ் நடப்பது. 2016-ல் புதிய திவால் சட்டம் வந்தது உண்மை. ஆனால் அதில் தனிநபர்களுக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் கொடுத்தவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பர் முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. உங்களைப் போன்ற வியாபாரிக்கு இன்னும் பழைய சட்டம்தான். அதன்படி திவால் என்று அறிவிக்கும் உத்தரவிலேயே, எத்தனை மாதத்துக்குள் டிஸ்சார்ஜ், அதாவது விடுவிப்பு கேட்டு மனுப் போட வேண்டும் என்று நீதிமன்றம் கெடு குறித்திருக்கும். அந்த மனுவை நீங்கள் போடவில்லை. ஆகவே சட்டத்தின் கண்ணில் நீங்கள் இன்றைக்கும் விடுவிப்புப் பெறாத திவாலானவர்.

இதனால் இரண்டு விளைவுகள் உண்டு. இரண்டுமே உங்கள் வீட்டோடு நேராகத் தொடர்புடையவை.

திவால் உத்தரவுக்குப் பிறகும் விடுவிப்புக்கு முன்பும் உங்கள் கைக்கு வரும் சொத்து நீதிமன்றத்துக்கோ, கடன்காரர்களுக்காகச் சொத்தைப் பொறுப்பேற்க அது நியமித்த ரிசீவருக்கோ உரியதாகிவிடும் என்று 28-ஆவது பிரிவு சொல்கிறது. கடன் வாங்கி, நகையை விற்று, தை மாதம் பால் காய்ச்சிக் குடியேறினாலும், அந்த வீட்டில் உங்கள் பங்கைப் பழைய கடன்காரர்களுக்காகக் கேட்க ரிசீவருக்கு உரிமை இருக்கிறது. இருபது ஆண்டுத் தவணை உங்கள் தலையில் நிற்கும். வீட்டின் மீது உரிமை வழக்கும் நிற்கும்.

அடுத்தது 72-ஆவது பிரிவு. விடுவிப்புப் பெறாதவர் அந்த நிலையைச் சொல்லாமல் யாரிடமாவது 50 ரூபாய்க்கோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சட்டம் எழுதிய காலத்து 50 ரூபாய் அது, இன்றும் மாறவில்லை. நீங்கள் கேட்பது 22 லட்சம். 'எழுத வேண்டாம்' என்று ஏஜென்ட் சொல்லும் அந்த ஒரு கட்டம்தான் உங்களைக் குற்றவாளியாக்கும். அவருக்குக் கமிஷன் கிடைத்துவிடும், விண்ணப்பத்தில் அவர் கையெழுத்து இருக்காது.

முதல் வேலையாக உங்கள் ஐ.பி. எண்ணை எடுத்துக்கொண்டு வக்கீலைப் பார்த்து, இதுவரை பிறந்த எல்லா உத்தரவுகளுக்கும் சான்றிட்ட நகல் கேட்டு மனுப் போடுங்கள். இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வழக்கு எண்ணைக் கொடுத்தாலும் ஓரளவு நிலவரம் தெரியும். இரண்டில் ஒன்று நடந்திருக்கும். வழக்கு அப்படியே நிலுவையில் இருக்கலாம். அப்படியானால் தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டிக் கெடுவை நீட்டிக்கக் கேட்கலாம், அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. 2020-ல் நீதிமன்றங்களே முடங்கிக் கிடந்ததைச் சொல்லலாம். ஆனால் அதற்குப் பிறகு கழிந்த ஆண்டுகளுக்கும் நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும். அல்லது, விடுவிப்பு கேட்டு நீங்கள் வராததால் திவால் உத்தரவையே நீதிமன்றம் ரத்து செய்திருக்கலாம். ரத்து என்றதும் நிம்மதிப்பட வேண்டாம். ரத்தானால் பழைய கடன்கள் மீண்டும் உயிர் பெறும். வழக்கில் தங்கள் கடனை நிரூபித்துப் பதிவு செய்திருந்தவர்களுக்கு, இடையில் போன காலம் காலாவதிக் கணக்கில் சேராது. புரோநோட்டு மூன்று வருடத்தில் செத்துப்போயிருக்கும் என்ற மார்க்கெட் கணக்கு இங்கே எடுபடாது.

இனி, தம்பி பெயரில் இருக்கும் 7 லட்சம். நீங்கள் அதை எழுதிய விதத்திலேயே தயக்கம் தெரிகிறது. உழைத்து, வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கடன்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கத்தான் தம்பி பெயருக்குப் போனது என்று எந்த எதிர்த்தரப்பு வக்கீலும் கேட்பார். சொத்தை மோசடியாக மறைப்பதற்கு இதே சட்டத்தில் தனித் தண்டனை இருக்கிறது. ஆகவே அந்தப் பணத்தை எடுக்கவோ, மனைவி கணக்குக்கு மாற்றவோ, நகையாக ஆக்கவோ வேண்டாம். வக்கீலிடம் முதல் சந்திப்பிலேயே முழுக்கச் சொல்லிவிடுங்கள். அவர் அதை நீதிமன்றத்தின் முன் நீங்களாகவே கொண்டுவரும் வழியைப் பார்ப்பார். மற்றவர் கண்டுபிடித்துச் சொல்வதற்கும் நீங்களே சொல்வதற்கும் உள்ள வேறுபாடு, இந்த வழக்கில் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

அந்த 7 லட்சத்தால் வாங்கக்கூடிய மிகப் பெரிய பொருள் உங்கள் விடுதலைதான். கணக்கைப் பாருங்கள். உங்கள் புரோநோட்டுக் கடன் 13 லட்சம். ரூபாய்க்கு எட்டணா, அதாவது பாதி அளவுக்குக்கூடச் சொத்து இல்லாதவருக்கு முழு விடுவிப்பை நீதிமன்றம் மறுக்க வேண்டும் என்பது 42-ஆவது பிரிவு. பாதி என்றால் ஆறரை லட்சம்; உங்களிடம் 7 இருக்கிறது. அதைவிட நல்ல வழி 38-ஆவது பிரிவில் இருக்கிறது: கடன்காரர்களிடம் ஒரு சமரசத் திட்டத்தை வைப்பது. தங்கள் கடனை நிரூபித்து, கூட்டத்துக்கு வந்திருப்பவர்களில் எண்ணிக்கையில் பெரும்பான்மையினரும், தொகையில் முக்கால் பங்குக்கு உரியவர்களும் ஒப்புக்கொண்டு, நீதிமன்றமும் நியாயம் என்று ஏற்றால், மற்றவர்களையும் அது கட்டுப்படுத்தும். திவால் உத்தரவு நீங்கும். பதினோரு பேரில் எத்தனை பேர் கடனை நிரூபித்துப் பட்டியலில் ஏறியிருக்கிறார்கள் என்பதையும் சான்றிட்ட நகலில் பாருங்கள். ஐ.பி. என்றதும் 'இனி எங்கே வரப்போகிறது' என்று ஒதுங்கிவிடுகிறவர்கள் உண்டு. அப்படி யாராவது இருந்தால் நிரூபிக்கப்பட்ட தொகை 13 லட்சத்தைவிடக் குறைவாக இருக்கும்.

இதற்கு நீங்கள் டவுனுக்குப் போக வேண்டியிருக்கும். அந்தக் கடை அண்ணாச்சிமாரை முகத்துக்கு முகம் பார்க்க வேண்டும். கடினம்தான். ஆனால் எனக்குத் தெரிந்தவரை, ஏழெட்டு ஆண்டு கழித்துப் பாதிப் பணத்தோடு தானாக வந்து நிற்கிறவரை மார்க்கெட் விரட்டுவதில்லை. ஒரு எச்சரிக்கை: தனித்தனியாக யாருக்கும் இரகசியமாகப் பணம் கொடுத்துவிடாதீர்கள். ஒருவருக்குக் கொடுத்து மற்றவரை விட்டால், அதுவே உங்களுக்கு எதிராகத் திரும்பும். பேச்சு உங்களுடையதாக இருக்கலாம். பணம் நீதிமன்றத்தின் வழியாகத்தான் போக வேண்டும்.

சமரசம் அமையாவிட்டாலும் விடுவிப்பு மனு இருக்கிறது. உங்கள் பக்கம் வலுவான ஒன்று இருப்பதை நீங்கள் கவனிக்கவில்லை. சொத்து பாதிக்குக் குறைந்ததற்குத் தான் பொறுப்பல்லாத சூழ்நிலை காரணம் என்று நிரூபித்தால், 42-ஆவது பிரிவின் அந்தத் தடையை நீதிமன்றம் தளர்த்தலாம். உங்களை வீழ்த்தியது சூதாட்டமோ ஊதாரித்தனமோ இல்லை, ஒக்கி. அதைக் காகிதத்தால் காட்டுங்கள். முன்பணம் கொடுத்த நோட்டு, விவசாயிகளின் ரசீதுகள், பயிர்ச் சேதத்துக்கு அவர்கள் நிவாரணம் வாங்கிய ஆவணங்கள், அந்தந்த ஊர்க் கிராம நிர்வாக அலுவலரின் சான்று எல்லாம் உதவும். திவாலுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கான கடைக் கணக்குப் புத்தகங்கள் பரணில் இருந்தால் இன்றே இறக்குங்கள். கணக்கு வைக்காததும் விடுவிப்பை மறுக்க ஒரு காரணம். நீதிமன்றம் முழு விடுவிப்புத் தரலாம், சில காலம் தள்ளிவைக்கலாம், வருங்கால வருமானத்திலிருந்து இவ்வளவு கட்ட வேண்டும் என்று நிபந்தனையும் போடலாம். எது வந்தாலும் அதற்கு ஒரு முடிவுத் தேதி உண்டு. இப்போது உங்களுக்கு இல்லாதது அதுதான்.

"மனைவி பெயரில் மட்டும் வாங்கினால் என்ன?" என்று அடுத்துக் கேட்பீர்கள். சட்டப்படி முடியும். அவர் திவாலானவர் அல்ல. மாதம் பிறந்தால் தவறாமல் சம்பளம் வரும் ஆசிரியை. வங்கிகள் விரும்பும் விண்ணப்பதாரர். 46,000 சம்பளத்துக்கு 22 லட்சம் கடன் அளவுக்கு மீறியதும் அல்ல. 9 சதவீத வட்டியில் இருபது ஆண்டுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 19,800. ஆனால் அந்த வீடு உண்மையிலேயே அவருடைய பணத்தில் வர வேண்டும். அவருடைய சம்பளம், அவருடைய நகை, அவருடைய வருங்கால வைப்பு நிதி, அவருடைய பெற்றோர் காசோலையாகக் கொடுக்கும் அன்பளிப்பு இவை சரி. உங்கள் 7 லட்சம் அதில் நுழைந்தால், இது கணவனின் பணத்தில் வந்த சொத்து என்று கடன்காரர் வழக்குப் போட இடம் உண்டு. பழைய தொழில் கடனில் அவர் இணைக் கடன்தாரராகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்பதையும் பாருங்கள். போட்டிருந்தால் அந்த செட்டில்மென்ட் அவருடைய அறிக்கையிலும் இருக்கும். கணவரையும் இணை விண்ணப்பதாரராகச் சேர்க்கச் சொல்லி வங்கி கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

அப்படிப் பார்த்தால் இந்த வீட்டுக்குக் கணக்கு உதைக்கிறது. 32 லட்சத்தில் 22 கடன் போக 10 லட்சம் கையில் வேண்டும். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். அது மட்டும் 2 லட்சத்து 88 ஆயிரம். அதற்கு வீட்டுக்கடனில் இடம் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். டீச்சரிடம் இருப்பது 3 லட்சம். ஆகவே வீட்டுக்காரரிடம் இந்த வாரமே பேசுங்கள். கடன் அமையவில்லை என்று சொல்லி முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், முழுவதும் கிடைக்காவிட்டால் கிடைப்பதை வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்பந்தக் கெடு முடிவதற்கு முன் கேட்பவருக்குக் கொஞ்சமாவது பேச இடமிருக்கும்.

அந்த 14 சதவீதத்தையும் விட்டுவிடக் கூடாது. அதே 22 லட்சத்துக்கு, அதே இருபது ஆண்டுக்கு, 14 சதவீதத்தில் மாதத் தவணை சுமார் 27,350. மாதத்துக்கு ஏழாயிரத்து ஐந்நூறுக்கு மேல் கூடுதல். இருபது ஆண்டில் 18 லட்சம் கூடுதல். ஒன்றரை, இரண்டு ஆண்டு பொறுத்து நல்ல நிலையில் வாங்கும் கடன் இந்த 18 லட்சத்தை மிச்சப்படுத்தும். அந்த மிச்சம், இன்று கடன்காரர்களுக்குக் கொடுக்கும் 7 லட்சத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

வங்கி மறுத்தால் தனியார் வட்டிக்குப் போகலாம் என்ற எண்ணம் வீட்டில் யாருக்காவது இருந்தால், இப்போதே அதை அடைத்துவிடுங்கள். 2003 முதல் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது; இருந்தும் 2017 அக்டோபரில் நம் கலெக்டர் அலுவலக வாசலில் ஒரு குடும்பமே தீக்குளித்ததை இந்த மாவட்டம் மறக்க முடியாது. கடனுக்கு ஈடாகக் கிரயப் பத்திரமோ பவர் பத்திரமோ எழுதித் தரச் சொல்பவர் யாராக இருந்தாலும், உறவினராகவே இருந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள்.

சிபில் விஷயம் நீங்கள் நினைப்பதைவிடச் சின்னது. 25,000 ரூபாய் வாங்கிக்கொண்டு மதிப்பெண்ணை மாற்ற யாராலும் முடியாது. தவறான பதிவைத் திருத்தலாம். அதை நீங்களே இலவசமாகச் செய்யலாம். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்ற நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நீங்களும் டீச்சரும் நான்கையும் எடுத்துப் பாருங்கள். 2018 செட்டில்மென்ட் சில அறிக்கைகளிலிருந்து இந்நேரம் மறைந்திருக்கலாம். பழைய தகவலைக் குறைந்தது ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதுதான் விதி, ஆகவே இன்னும் நின்றாலும் வியப்பில்லை. 'நிலுவை' என்று தவறாக நின்றால், செட்டில்மென்ட் கடிதத்தை இணைத்துப் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்கு உண்டு. பழைய வங்கி விட்டுக்கொடுத்த இரண்டரை லட்சத்தைக் கட்டி, 'செட்டில்டு' என்பதைக் 'கணக்கு முடிந்தது' என்று மாற்றக் கேட்கலாம் என்று சிலர் சொல்வார்கள். நல்ல யோசனைதான், ஆனால் உங்கள் விடுவிப்புக்குப் பிறகுதான் அதற்கு நேரம்.

மதிப்பெண்ணை ஏற்ற, விடுவிப்பு வந்த பிறகு, ஒரு சின்ன வைப்புத்தொகை போட்டு அதன் மீது கிரெடிட் கார்டு வாங்குங்கள்; வரம்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செலவழிக்காமல், மாதா மாதம் முழுத் தொகையையும் கட்டுங்கள். வங்கியில் சின்னதாக ஒரு நகைக்கடன் வாங்கிக் கெடுவுக்குள் திருப்பினாலும் அது அறிக்கையில் ஏறும். மச்சான், நண்பர் என்று யாருக்கும் ஜாமீன் போடாதீர்கள். ஒரே மாதத்தில் நான்கைந்து வங்கிகளில் விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு விசாரணையும் பதிவாகி மதிப்பெண்ணைக் குறைக்கும்.

அடுத்து வீடு பார்க்கும்போது, வங்கி கேட்கும் முன் நீங்களே வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம், பட்டா, நகர் ஊரமைப்பு அங்கீகாரம் நான்கையும் பாருங்கள். அங்கீகாரம் இல்லாத மனை என்றால் வரன்முறைப்படுத்திய ஆணை இருக்க வேண்டும். 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு போட்ட அங்கீகாரமற்ற மனைப் பிரிவுகளுக்கு அந்த வழியும் இல்லை. உங்களைப் போன்ற பின்னணி உள்ளவரின் கோப்பில் சொத்து ஆவணம் பிசகினால், மேலாளர் இரண்டாவது முறை பார்க்க மாட்டார்.

வங்கிக்குப் போகும் நாளில், மேலாளர் தோண்டி எடுக்கும்வரை காத்திருக்காமல், ஒரு பக்கக் கடிதம் கொண்டு போங்கள். என்ன தொழில், எந்தப் புயலில் எவ்வளவு போயிற்று, எந்த ஆண்டு செட்டில்மென்ட், எந்த ஆண்டு ஐ.பி., எந்தத் தேதியில் விடுவிப்பு, கடன்காரர்களுக்குக் கொடுத்த தொகை எவ்வளவு என்று வரிசையாக எழுதி, நீதிமன்ற உத்தரவின் சான்றிட்ட நகலை இணைத்துக் கொடுங்கள். செட்டில்மென்ட் செய்த பழைய வங்கியை முதலில் அணுக வேண்டாம். செட்டில்மென்ட் செய்தவருக்கு மறுபடி கடன் தர ரிசர்வ் வங்கி விதித்த ஓராண்டு இடைவெளியை நீங்கள் கடந்திருந்தாலும், அவர்களுடைய சொந்தப் பதிவேடு மறக்காது. டீச்சரின் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் தொடங்குங்கள். அவரை முதல் விண்ணப்பதாரராக வைத்து, வீட்டு மதிப்பில் எழுபது சதவீதத்துக்குள் கேளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, அதைச் சரிசெய்த பிறகு மட்டும் அடுத்த வங்கிக்குப் போங்கள்.